நிறுத்தச் சொன்னால் நிற்காத சர்வர்: சித்தூர் மாங்கூழ் ஆலையில் மூன்று நாள்

"தம்பி, லோடு எடை போட்டுக்கினு உள்ள போன வண்டி, மாங்காய எறக்கிட்டு காலியா வந்து நிக்குது. மொத எடைய சிஸ்டத்துல காணோம். ரைத்து கலங்கிப் போயி நிக்கிறாரு. இன்னா பண்றது?"

ஜூன் கடைசி வாரம், இரவு ஏழே முக்கால் இருக்கும். கூப்பிட்டவர் எடைமேடை அண்ணன். பரதராமிக்காரர். சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பல வருடமாக எடை போடுகிறார். விவசாயியை ரைத்து என்று சொல்வது அந்தப் பக்கத்துத் தமிழில் சகஜம். அந்த ஆலையின் எடைமேடை மென்பொருளை மூன்று வருடம் முன்னால் எழுதிக் கொடுத்தவன் நான்.

சீசன் நேரத்தில் அங்கே போனவர்களுக்குத் தெரியும். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும். வண்டியை லோடோடு ஒருமுறை ஏற்றுவார்கள், மாங்காயை இறக்கியபின் காலியாக ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். முதல் எடை தொலைந்தால் மாங்காய் ஏற்கெனவே குவியலில் கலந்துவிட்டது, திரும்ப அளக்க வழியில்லை.

அன்றைக்கு மானத்தைக் காத்தது அண்ணனின் பழக்கம். ஒவ்வொரு டோக்கனின் பின்னாலும் லோடு எடையைப் பேனாவால் எழுதி வைப்பார். 7,460 என்று எழுதியிருந்தது. காலி எடை 3,380. நிகரம் 4,080 கிலோ. மேலாளர் ஒப்புக்கொண்டார், கங்காதர நெல்லூர்ப் பக்கத்து அந்தப் பெரியவர் ரசீதோடு போனார். ஆனால் பேனா எழுதிய எடையை என் சர்வர் ஏன் தொலைத்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மறுநாள் காலை குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நடந்தது இதுதான். ஆறே முக்காலுக்குக் காற்றும் மழையுமாகக் கரண்ட் போனது. ஆபீஸ் அறையில் உள்ள லினக்ஸ் பெட்டி யூபிஎஸ்ஸில் ஓடியது. பேட்டரி இறங்கியதும் யூபிஎஸ் பெட்டிக்கு 'அணைந்துகொள்' என்று சொன்னது. பெட்டியும் அணையத் தொடங்கியது. ஆனால் முடிக்கவில்லை. பேட்டரி தீரும்வரை அப்படியே காத்துக் கிடந்து, கடைசியில் வெறுமனே செத்தது.

பெட்டியில் ஓடுவது வைல்ட்ஃபிளை 26, ஜாவா 11. ஜாவாவில் எழுதிய என் மாட்யூல்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்தான் வைல்ட்ஃபிளை. முன்பு ஜேபாஸ் ஏஎஸ் என்று இருந்ததே, 8ஆம் பதிப்பிலிருந்து அதன் பெயர்தான் வைல்ட்ஃபிளை. உள்ளே எல்லாமே துண்டு துண்டான சர்வீஸ்கள். எது எதை நம்பி நிற்கிறது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். நிறுத்தும்போது அந்தக் கணக்கைத் தலைகீழாக அவிழ்த்துக்கொண்டு வரும், மேலே இருப்பது நின்றால்தான் கீழே இருப்பது நிற்கும். அதனால் மேலே ஒன்று நிற்காமல் பிடித்துக்கொண்டால், அதற்கு ஆதாரமாக உள்ளதெல்லாம் காத்திருக்கும். மற்ற கிளைகள் தம்பாட்டுக்கு நின்றுவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது விளங்கும்.

யார்டு காலியாக இருந்த மதிய வேளையில் நிறுத்திப் பார்த்தேன். நானே எழுதிய ஸ்டாப் ஸ்கிரிப்டை ஓட்டினேன். 'நின்றது' என்றது. சந்தேகத்தில், ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஜாவா உயிரோடு இருக்கிறது, சர்வர் பதில் சொல்லும் போர்ட் 8080ம் திறந்தே இருக்கிறது. நான் பிஐடி கோப்பில், அதாவது நிறுத்த வேண்டிய ப்ராசஸின் எண்ணை வைக்கும் கோப்பில், எழுதி வைத்திருந்தது சர்வரைத் தொடங்கும் ஸ்டாண்டலோன் ஷெல் ஸ்கிரிப்டின் எண். ஜாவா அந்த ஷெல்லின் குழந்தை, அதன் எண் வேறு. சிக்னல் அனுப்பி நிறுத்தும் கில் கட்டளையைப் போட்டால் ஷெல் சாகும், சேதி ஜாவாவுக்குப் போகவே போகாது. ஷெல்லை ஜாவாவைப் பின்னணியில் தொடங்கி சிக்னலைக் கடத்தச் சொல்ல ஒரு சூழல் மாறி இருக்கிறது, ஜாவாவின் பிஐடியை எழுதி வைக்க இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் நான் போடவில்லை. ஆக மூன்று வருடமாக அந்த ஸ்கிரிப்ட் ஒருநாளும் சர்வரை நிறுத்தியதில்லை.

அண்ணனிடம் கேட்டேன்: "அப்ப இத்தன நாளா எப்படிண்ணா ரீஸ்டார்ட் பண்ணீங்க?"

"கரண்ட் போயி வந்தா எடை ஓடாது தம்பி. ரீஸ்டார்ட் போட்டாலும் வேலைக்காவாது. வண்டி இல்லாத நேரமா பாத்து பெட்டி பட்டனை அமுக்கிப் புடிச்சி ஆஃப் பண்ணிப் போடுவேன். சரியாப் பூடும்."

என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து அவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நோய்க்கான அறிகுறி மூன்று சீசனாக அந்தப் பட்டனில்தான் இருந்திருக்கிறது.

அடுத்து ஜாவாவின் உண்மையான எண்ணுக்கே சிக்டெர்ம், அதாவது 'ஒழுங்காக நின்றுகொள்' என்ற சிக்னல், அனுப்பினேன். நாலே விநாடியில் ஒழுங்காக நின்றது. லாகில் 0220 என்று முடியும் குறியீட்டோடு ஓஎஸ் சிக்னல் வந்ததாக ஒரு வரி, கடைசியில் 0050 என்று முடியும் குறியீட்டோடு முழுதாக நின்றதாக ஒரு வரி. அப்படியானால் நேற்று மட்டும் ஏன் நிற்கவில்லை?

எடைமேடைக் கூண்டுக்குப் போய் நின்றபோதுதான் கண்ணில் பட்டது. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் சீரியல் கேபிளில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டிக்கு வருகிறது. அது எடையை நெட்வொர்க் வழியாக ஆபீஸுக்கு அனுப்புகிறது. இண்டிகேட்டர், கன்வெர்ட்டர் இரண்டுமே நேரடிக் கரண்டில். யூபிஎஸ் கிடையாது. கரண்ட் போனால் முதலில் சாவது அதுதான், 'போய் வருகிறேன்' என்று ஒரு பாக்கெட்கூட அனுப்பாமல்.

கன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். ஆபீஸுக்கு வந்து மறுபடி சிக்டெர்ம். நோய் அப்படியே வந்தது. 8080 மூடிக்கொண்டது, மேனேஜ்மென்ட் போர்ட் 9990ம் மூடிக்கொண்டது, ஜாவா மட்டும் சாகவில்லை. 0050 வரி வரவில்லை. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால், செத்துப்போன கன்வெர்ட்டருக்குப் போகும் இணைப்பு இன்னமும் எஸ்டாப்ளிஷ்ட், அதாவது உயிரோடு உள்ளது, என்றே இருக்கிறது.

உள்ளே யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க த்ரெட் டம்ப் வேண்டும். த்ரெட் என்பது ஒரு ப்ராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை. கில் மைனஸ் 3 அனுப்பினால் ஜாவா தன் எல்லா த்ரெட்களின் நிலையையும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் கொட்டும். நான் தொடக்க ஸ்கிரிப்டில் அந்த அவுட்புட்டை வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பி வைத்திருந்தேன், ஆக ஒன்றும் கிடைக்கவில்லை. சர்வர் ஓடும் அதே பயனராக மாறி அதே டம்பை எடுக்கும் ஜேஸ்டாக் கட்டளையைப் போட்டு ஒரு கோப்பில் பிடித்தேன். நிற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜேவிஎம்மும், அதாவது ஜாவாவை ஓட்டும் இயந்திரமும், இதற்குப் பதில் சொல்லும், ஷட்டவுன் ஹூக்குகள், அதாவது அணையும்போது ஓட வேண்டும் என்று பதிந்து வைத்த வேலைகள், ஓடும்வரை அதன் காது திறந்துதான் இருக்கும்.

அந்தக் கோப்பில் மூன்று இடம் முக்கியம். முதலாவது 'சிக்டெர்ம் ஹேண்ட்லர்' என்ற த்ரெட். ஷட்டவுன் ஹூக்குகள் முடிய வேண்டும் என்று ஜாயினில் காத்திருந்தது. பதற்றத்தில் நான் கில்லை மொத்தம் மூன்று முறை அடித்திருந்தேன். அதே பெயரில் இன்னும் இரண்டு த்ரெட், இரண்டும் பிளாக்ட் நிலையில். ஜேவிஎம் ஷட்டவுனுக்குள் நுழையும் வாசலில் ஒரு பூட்டுத்தான் இருக்கிறது. முதலில் போனவர் வெளியே வரும்வரை பின்னால் வந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சிக்டெர்மைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் வேகம் கூடாது, வரிசைதான் நீளும்.

இரண்டாவது, சர்வர் சர்வீஸ் த்ரெட் பூலில் ஒன்று. என் எடை மாட்யூலின் ப்ரீடெஸ்ட்ராய் மெத்தடுக்குள், அதாவது மாட்யூலை மூடும் முன் சர்வர் கூப்பிடும் பகுதிக்குள், ஜாயின் என்ற வரியில் நின்றது. மூன்றாவது, அது யாருக்காகக் காத்திருந்ததோ அந்த எடை படிக்கும் த்ரெட். நிலை ரன்னபிள், அதாவது ஓடக்கூடியது. மேல் வரி சாக்கெட்ரீட்0, சாக்கெட் எனும் நெட்வொர்க் இணைப்பிலிருந்து படிக்கும் நேட்டிவ் மெத்தட்.

ரன்னபிள் என்று பார்த்ததும் ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து விடக்கூடாது. சாக்கெட்டில் வராத எழுத்துக்காக ஓஎஸ்ஸுக்குள் தூங்கும் த்ரெட்டையும் ஜாவா 11 ரன்னபிள் என்றே எழுதும். ஜாவாவுக்கு வெளியே ஓடும் நேட்டிவ் கோடுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. சிபியூ பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

என் ப்ரீடெஸ்ட்ராயில் மூன்றே வரி. படிக்கும் த்ரெட்டை இன்டரப்ட் செய். அது முடியும்வரை ஜாயின் செய். நினைவகத்தில் இருக்கும் லோடு எடைகளை டேட்டாபேஸில் எழுது.

சாதாரண சாக்கெட் படிப்பில் மாட்டிய த்ரெட்டை இன்டரப்ட் எழுப்பாது. கொடி ஒன்று ஏறும், அவ்வளவுதான். இண்டிகேட்டர் உயிரோடு இருந்தால் விநாடிக்குப் பல முறை எடை வரும், ஒவ்வொரு முறையும் லூப் சுற்றிக் கொடியைப் பார்த்து வெளியே வந்துவிடும். அதனால்தான் நாலு விநாடியில் நின்றது. கன்வெர்ட்டர் செத்தால் எழுத்து வராது, லூப் சுற்றாது, கொடியைப் பார்க்க ஆளில்லை. எதிர்முனை செத்ததும் கர்னலுக்குத் தெரியாது, ஏனென்றால் நம் பக்கம் எதையும் அனுப்புவதில்லை, படிக்க மட்டுமே செய்கிறோம். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் போட்டிருந்தாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனை போகவே 7,200 விநாடி ஆகும். ஆக ஜாயின் முடியாது, மூன்றாம் வரியில் இருந்த 7,460 டேட்டாபேஸுக்குப் போகவே இல்லை.

பெட்டி ஏன் பேட்டரி தீரும்வரை காத்தது என்பதற்கும் விடை கிடைத்தது. சர்வரை, பெட்டி எழும்போது ஓடும் ஆர்சி லோக்கல் என்ற ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்கி வைத்திருந்தேன். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் அதற்குள்ள யூனிட் கோப்பைத் திறந்தால் டைம்அவுட் இன்ஃபினிட்டி, அதாவது காத்திருக்க எல்லையே இல்லை. வழக்கமான சர்வீஸாக இருந்திருந்தால் 90 விநாடி பொறுத்துவிட்டு சிக்கில், அதாவது ப்ராசஸைக் கேட்காமலே கொல்லும் சிக்னல், அடித்திருக்கும்.

இனி சரிசெய்த கதை. முதலில் தொட்டது நிறுத்தும் வேலையை அல்ல, எடையை. லோடு எடை மேடையில் பதிவான அந்தக் கணத்திலேயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கமிட், அதாவது நிரந்தரமாகப் பதிவு, ஆக வேண்டும், டோக்கன் அச்சாவது அதற்குப் பிறகுதான். இதைச் செய்யாமல் சர்வரைப் பலவந்தமாக நிறுத்தும் ஏற்பாட்டில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி நேரத்தில் எழுதலாம் என்று ஒரு விவசாயியின் எடையை நினைவகத்தில் வைத்திருந்தது பெரிய தவறு. நின்றுகொண்டிருக்கும் சர்வருக்குக் கடைசி நேரம் என்று ஒன்று கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பிறகு சாக்கெட். படிக்க 2 விநாடி டைம்அவுட். அதற்குள் எழுத்து வராவிட்டால் படிப்பு எக்செப்ஷனோடு, அதாவது பிழை அறிவிப்போடு, திரும்பும், லூப் நிறுத்தக் கொடியைப் பார்க்கும், தொடர்ந்து வராவிட்டால் இணைப்பை மூடிப் புதிதாகப் போடும். இதனாலேயே கரண்ட் வந்தபின் எடை தானாக ஓடத் தொடங்கிவிட்டது, பட்டனை அமுக்கும் வேலை போனது. ப்ரீடெஸ்ட்ராயில் இன்டரப்டுக்குப் பதில் சாக்கெட்டையே மூடுகிறேன். வேறொரு த்ரெட் சாக்கெட்டை மூடினால், படித்துக்கொண்டிருக்கும் த்ரெட் எக்செப்ஷனோடு உடனே எழுந்துவிடும். ஜாயினுக்கும் 5 விநாடி எல்லை. சொந்தமாக த்ரெட் தொடங்கியதையும் விட்டு, சர்வர் தரும் மேனேஜ்டு த்ரெட் ஃபேக்டரிக்கு மாற்றினேன்.

இவ்வளவு போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே சர்வரில் ரசீது அச்சிடும் மாட்யூலும் ஆய்வகத்துக்கான மாட்யூலும் ஓடுகின்றன. நாளைக்கு அதில் ஒன்று இதே மாதிரிப் பிடித்துக்கொண்டால்? அதனால் காவலுக்கு ஒன்று வைத்தேன்.

காவல் த்ரெட்டின் வேலை எளிது: சர்வர் நிற்கத் தொடங்கியதும் 30 விநாடி எண்ண வேண்டும், அதற்குள் ஜேவிஎம் முடியாவிட்டால் எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கையும் கோப்பில் எழுதிவிட்டு ஜேவிஎம்மை அறுக்க வேண்டும். லாகர் அந்த நேரத்தில் மூடியிருக்கலாம், அதனால் நேரடியாகக் கோப்பில் எழுதுகிறது. அறுப்பதற்கு சிஸ்டம் எக்ஸிட் உதவாது. ஷட்டவுன் நடுவில் எக்ஸிட் கூப்பிட்டால், டம்பில் பார்த்தோமே, அதே வாசலில் போய் அதுவும் நிற்கும். ரன்டைமின் ஹால்ட் மட்டும்தான் ஹூக்குகளுக்குக் காத்திராமல் ஜேவிஎம்மை முடிக்கும். ஃபைனலி பிளாக்கும் ஓடாது, எதுவும் ஓடாது. எடை ஏற்கெனவே கமிட் ஆனபடியால் எனக்குப் பயமில்லை. பலவந்தமாக அறுந்தது தெரிய, வெளியேறும் எண் 99 என்று வைத்துக்கொண்டேன். சிக்டெர்மில் ஒழுங்காக நின்றால் அது 143, சிக்கில் விழுந்தால் 137.

முதல் தடவை அந்த 30 விநாடித் தூக்கத்தை ஷட்டவுன் ஹூக்குக்குள்ளேயே எழுதிவிட்டேன். விளைவு, நல்ல நிலையில் உள்ள சர்வரும் நிற்க ஒவ்வொரு முறையும் சரியாக 30 விநாடி எடுத்தது, கடைசியில் 99. எல்லா ஹூக்கும் முடிந்தால்தான் ஜேவிஎம் போகும், என் ஹூக்கே அதைப் பிடித்து வைத்திருந்தது. திருத்தம்: ஹூக் ஒரு டீமன் த்ரெட்டைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும். டீமனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. மற்றவை முடிந்தால் ஜேவிஎம் அதோடு சேர்ந்து போய்விடும், முடியாவிட்டால் டீமன் எழுந்து வேலையைப் பார்க்கும்.

இன்னொரு கேள்வி இருந்தது. ப்ரீடெஸ்ட்ராய் வந்தாலே சர்வர் நிற்கிறது என்று அர்த்தமில்லை. மாட்யூலின் புதிய பதிப்பான வார் கோப்பை, ஓடும் சர்வரிலேயே மாற்றிப் போட்டு ரீடிப்ளாய் செய்தாலும் அது வரும். அப்போது பழைய ஹூக் ஜேவிஎம்மில் தங்கிவிட்டால் பழைய வகுப்புகள் முழுவதையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ப்ரீடெஸ்ட்ராயில் என் ஹூக்கை நீக்கப் பார்க்கிறேன். நீக்க முடிந்தால் இது வெறும் ரீடிப்ளாய். 'ஷட்டவுன் நடக்கிறது' என்று இல்லீகல்ஸ்டேட் எக்செப்ஷன் வந்தால் சர்வரே போகிறது. ஒரே அழைப்பில் சுத்தம் செய்வதும் ஆகிறது, கண்டுபிடிப்பதும் ஆகிறது. சிக்டெர்மானாலும் சரி, நிர்வாகக் கட்டளையில் ஷட்டவுன் கொடுத்தாலும் சரி, இரண்டு வழியிலும் சோதித்தேன், வேலை செய்கிறது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆர்சி லோக்கலை எடுத்துவிட்டு முறையான சிஸ்டம்டி யூனிட் எழுதினேன். நிறுத்தக் கெடு 45 விநாடி, உள்ளே உள்ள காவலின் 30க்கு அது இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் டம்ப் எழுதும் முன் சிக்கில் விழும். 143ஐ வெற்றியாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போஸ்ட்கிரெஸுக்குப் பின் தொடங்கு என்று வைத்தால் நிற்கும்போது வரிசை தானே தலைகீழாகும், டேட்டாபேஸ் கடைசியாகத்தான் நிற்கும். சிக்னல் குழுவில் உள்ள எல்லாப் ப்ராசஸுக்கும் போவதால் ஷெல்லா ஜாவாவா என்ற பழைய குழப்பமும் தீர்ந்தது.

அண்ணனுக்காக ஒரு சின்ன நிலைத்திரையும் செய்தேன். ஜாவா இருக்கிறதா, 8080 திறந்திருக்கிறதா, லாகில் கடைசியாக எந்த வரி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். எதையும் தனியாக நம்பினால் ஏமாறுவோம், என் ஸ்கிரிப்ட் பிஐடியை நம்பி ஏமாந்த மாதிரி. ஜாவாவும் போர்ட்டும் இருந்தால் 'ஓடுகிறது'. ஜாவா இருந்து போர்ட் மூடி, 0220 வந்து 30 விநாடிக்குள் என்றால் 'நின்றுகொண்டிருக்கிறது', தாண்டினால் 'சிக்கிக்கொண்டது'. ஜாவா இல்லை, 0050 இருக்கிறது என்றால் 'சுத்தமாக நின்றது'. ஜாவாவும் இல்லை 0050ம் இல்லை என்றால் 'அறுந்து நின்றது, எனக்குப் போன் செய்யவும்'. எழுத்தைத் தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக வைத்தேன்.

மூன்றாம் நாள் சோதனை. கன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிறுத்தினேன், 4 விநாடி, 143. வேண்டுமென்றே ஒரு போலி மாட்யூலை முடிவில்லாமல் காத்திருக்க வைத்து நிறுத்தினேன், 30 விநாடி, 99, டம்ப் கோப்பில் அந்த மாட்யூலின் பெயர் வரியோடு இருந்தது. காவலையும் எடுத்துவிட்டு நிறுத்தினேன், 45இல் சிக்கில் விழுந்தது. மூன்றிலும் சோதனைக்குப் போட்ட லோடு எடை டேட்டாபேஸில் பத்திரம். கன்வெர்ட்டருக்கும் இண்டிகேட்டருக்கும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கச் சொல்லி மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலையில் ஒரு சாயங்காலம் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. மழையில் கரண்ட் போய், பேட்டரி இறங்கி, பெட்டி அணையும் முன் எடுத்த நிலைத்திரை: 'சுத்தமாக நின்றது'. கரண்ட் வந்தபின் இன்னொரு படம். யார்டில் நின்ற இரண்டு வண்டிகளின் லோடு எடையும் திரையில், பக்கத்தில் டோக்கனைத் திருப்பிப் பிடித்திருந்தார், பேனாவால் எழுதிய அதே எண். இன்னமும் எழுதுகிறார். நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை.